கஸ்தூரிமேல் நான் ஒட்டிய நம்பர்

இந்தத் தொடரில் இதுவரை என் முட்டாள்தனத்தால் அடிபட்டவன் பெரும்பாலும் நானாகத்தான் இருந்தேன். இந்த வாரம் கொஞ்சம் வேறு மாதிரி. அடி இன்னொருவர்மேல் விழுந்தது. அதனால் சிரித்துக்கொண்டே எழுதினாலும், இடையிடையே கொஞ்சம் நெளிந்துகொண்டுதான் எழுதுகிறேன்.

மாமல்லபுரத்தில் ஒரு லாட்ஜ். பின்கட்டில் சமையலறை. அதற்கு வெளியே தென்னை நிழலில் நீளமாக ஒரு மேசை. பகல் ஒன்றரை மணி, வேலை செய்பவர்கள் சாப்பிடும் நேரம். காரப்பொடி மீன் குழம்பு வாசனை காற்றில் நின்றது. அந்த வாசனையை மதிக்காமல், கையில் டேப்லெட்டோடு, நான் ஒரு ஸ்டூல்மேல் ஏறி நின்றேன்.

"எல்லாரும் போனை எடுங்க. வைஃபை செட்டிங்குக்குள்ள போங்க. ஐ.பி. அட்ரஸ்னு ஒண்ணு இருக்கும். அதுல கடைசி நம்பரை மட்டும் சொல்லுங்க."

மாஸ்டர் ஏழுமலை, அந்தக் குழம்பை வைத்தவர், கரண்டியோடு எட்டிப் பார்த்தார். "இன்னா நைனா, ரேஷன் கடை டோக்கனா? நம்பர் கூப்பிட்டா சோறு போடணுமா?"

"மாஸ்டர், விசாரணை நடக்குது. இருபத்திமூணு யாரு?"

மேசையின் கடைசியில் ஒரு கை உயர்ந்தது. ரிசப்ஷனில் இருக்கும் கஸ்தூரி. இன்னொரு கையில் சோறு ஒட்டியிருந்தது. "எனக்குத்தான் இருபத்திமூணுனு கீது. இன்னா வோணும் சார்?"

நான் டேப்லெட்டை மார்போடு அணைத்துக்கொண்டேன். ஊரே கேட்கிற குரலில் சொன்னேன்.

"புடிச்சிட்டேன்."

ஸ்டூலுக்கு நான் வந்த வழி

எனக்குப் புதுப்பட்டினம் பஜாரில் ஒரு கடை. கேமரா மாட்டுவேன், வைஃபை போடுவேன், வராத வைஃபையைத் திட்டுவேன். கடற்கரைப் பக்கம் ஐந்தாறு லாட்ஜுகள் என் வாடிக்கை. ஜனங்களுக்கு நான் 'கேமராக்காரர்'. என் மனைவி தமயந்திக்கு மட்டும் 'ஒயர் மனுஷன்'. வீட்டில் எந்த டிராயரைத் திறந்தாலும் ஒயர் வருகிறது என்பதால் வந்த பட்டம்.

லாட்ஜ் முதலாளி தணிகாசலம். திருக்கழுக்குன்றம் போகிற வழியில் உள்ளடங்கிய கிராமம். நெல் போட்ட குடும்பம். இப்போது பதினாலு ரூம் வைத்திருந்தாலும், வரப்பில் எலி வளை தேடுகிற கண் அவருக்கு இன்னும் போகவில்லை. எது குறைந்தாலும் யாரோ தின்கிறார்கள் என்பதுதான் அவர் முடிவு.

அந்த மாதம் குறைந்தது இன்டர்நெட். தினமும் மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் வைஃபை படுத்துவிடும். எட்டாம் நம்பர் ரூமில் லேப்டாப்போடு வந்து மாதக் கணக்கில் தங்கியிருந்த ஒருவர், மீட்டிங்கில் தன் முகம் வாயைத் திறந்தபடி உறைந்து நிற்கிறது என்று நாலு நாளாகக் கீழே இறங்கிவந்து கத்தினார்.

"யோவ் சீனு, எவனோ உறிஞ்சுறான். புடிச்சுக் குடு" என்றார் தணிகாசலம்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ரவுட்டருக்குள் போய்ப் பார்த்தேன். உள்ளே யார் யார் இருக்கிறார்கள், யார் எவ்வளவு இழுக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் இருக்கும். ஒரே ஒரு வரி மட்டும் மற்ற எல்லாரையும் சேர்த்தாலும் எட்டாத உயரத்தில் நின்றது. 192.168.1.23.

பக்கத்திலேயே இன்னொரு நீள நம்பரும் இருந்தது. எண்ணும் ஆங்கில எழுத்தும் இரண்டிரண்டாகக் கலந்து, நடுநடுவே முக்காற்புள்ளி வைத்து, யாரோ தூக்கத்தில் டைப் அடித்த மாதிரி. அதுதான் மேக் அட்ரஸ். அதை நான் சட்டை செய்யவில்லை. 'இருபத்திமூணு' என்று மட்டும் உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். இருபத்தைந்து வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன் என்பதை இந்த இடத்தில் தலைகுனிந்து சொல்லிக்கொள்கிறேன்.

புதன்கிழமை மாதாந்திரப் பராமரிப்பு. பகலெல்லாம் கரண்ட் இல்லை. வியாழக்கிழமை ஸ்டூல்.

நான் 'புடிச்சிட்டேன்' என்றதும் தணிகாசலம் வெளியே வந்தார்.

"மத்தியானம் ரிசப்ஷன்ல உக்காந்து சினிமா எறக்கிக்கினு கீறியா?"

"சினிமாவா? சார், என் போன்ல பாதி டிஸ்ப்ளே பச்சையா தெரியும். அதுல இன்னாத்த சினிமா பாக்கறது?"

"அவரு மிஷின்லயே பாத்துட்டாரு" என்றார். "ஞாயித்துக்கிழமையிலருந்து நீ வரவேணாம்."

கஸ்தூரி என்னைப் பார்த்தாள். நான் டேப்லெட்டைப் பார்த்தேன்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சதுரங்கப்பட்டினம் குப்பத்துப் பெண். அம்மா புதுப்பட்டினம் மார்க்கெட்டில் மீன் கூடை. புருஷன் ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர். இவள் அந்த லாட்ஜில் ரூம் பெருக்க வந்து, பெட்ஷீட் விரித்து, சாவிக்கொத்து வாங்கி, ஆறு வருஷத்தில் ரிசப்ஷன் நாற்காலிக்கு வந்தவள். அவள் தெருவில் ஏ.சி. காற்றில் உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆள். அந்த நாற்காலியைத்தான் நான் ஒரு நம்பரை வைத்து உருவிவிட்டேன்.

ஜன்னலோரத்து உரிமை

ஏன் அப்படி நினைத்தேன் என்று அப்புறம் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். குற்றம் செங்கல்பட்டு ஜங்ஷன்மேல் இருக்கிறது. (என்மேல் போட வேண்டியதை வேறு எதன்மேலாவது போடுவது என் பழைய பழக்கம்.)

நான் செங்கல்பட்டுக்காரன். கடை வைப்பதற்கு முன்னால் பல வருஷம் சீசன் டிக்கெட் வாங்கிக்கொண்டு எலக்ட்ரிக் ரயிலில் சென்னைக்குப் போய் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்த்தேன். அந்த ரயிலில் ரிசர்வேஷன் கிடையாது. ஆனால் காலை வண்டியில் ஏறிப் பாருங்கள். எந்தப் பெட்டியில் எந்த சீட்டில் யார் என்பது கல்லில் வெட்டினதுபோல் இருக்கும். ரயில் அங்கேதான் புறப்படுகிறது என்பதால் ஜங்ஷன்காரர்களுக்கு ராஜ உரிமை. வரத் தாமதமானால் நண்பர் கைக்குட்டை போட்டு வைப்பார். ஆளைக் கேட்காமலே 'அது பாலுவோட சீட்டு' என்பார்கள். எனக்கும் ஒரு ஜன்னல் இருந்தது. இடது பக்கம், மூன்றாவது. பரனூர் ஏரிக் காற்று முதலில் என் முகத்தில் அடித்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குப் போகும்.

ஒருமுறை டைஃபாய்டு வந்து மூன்று வாரம் படுத்துவிட்டேன். திரும்பி வந்தால் என் ஜன்னலில் வேறு ஒருவர். வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார்.

"சார், இது என் சீட்டு."

"அப்படியா? பேர் எங்க எழுதியிருக்கு?"

நான் உண்மையாகவே குனிந்து தேடினேன். பெட்டியே சிரித்தது. கூடுவாஞ்சேரி வரைக்கும் நின்றுகொண்டே போனேன்.

ஐ.பி. அட்ரஸ் என்பது அந்த சீட்டுதான். வைஃபைக்குள் ஒரு போனோ டி.வி.யோ ஏறும்போது, ரவுட்டர் 'இப்போதைக்கு இங்கே உட்கார்' என்று ஒரு நம்பர் கொடுக்கும். நம்மைத் தேடி வருகிற தகவல் அந்த சீட் நம்பரைப் பார்த்துத்தான் வரும். இறங்கிப் போனால் சீட்டு காலி. அடுத்தவருக்குக் கொடுத்துவிடும். பெரும்பாலும் அதே ஆளுக்கு அதே சீட்டே கிடைக்கும். அங்கேதான் என்னைப்போன்ற சீசன் டிக்கெட் மூளைகள் ஏமாறுகின்றன. பத்து நாள் அதே இடத்தில் பார்த்துவிட்டால், பதினோராவது நாள் அங்கே உட்கார்ந்திருப்பவர் முகத்தையே பார்க்காமல் பழைய ஆள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிடுவோம்.

செவ்வாய்க்கிழமை இருபத்திமூன்றில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். வியாழக்கிழமை கஸ்தூரி உட்கார்ந்திருந்தாள். நான் அவளைப் பிடித்தேன்.

பதவி இறக்கம்

வெள்ளிக்கிழமை காலை கடை ஷட்டரைப் பாதி தூக்கியிருப்பேன். கீழே இரண்டு கால்கள் தெரிந்தன.

"அண்ணாத்த, கடை தொறந்துட்டியா? இல்ல, வழில யாரையாச்சும் புடிச்சிக்கினு வர்றியா?"

கஸ்தூரி. நேற்றுவரை 'சார்', 'நீங்க'. இன்றைக்கு 'அண்ணாத்த', 'நீ'. ஒரே ராத்திரியில் இவ்வளவு கீழே இறங்கிய ஆபீசர் இந்த மாவட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

"உள்ள வாம்மா. டீ சொல்லட்டா?"

"டீ அப்பால. மொதல்ல நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லு. நேத்து நீ போனப்பறம் நான் போனையே அமுத்திட்டேன். பேக்குல போட்டுட்டேன். ரெண்டு மணிக்கு ரூம் எட்டு எறங்கி வர்றாரு, நெட்டு வர்லனு. அமுந்து கெடக்கற போனு எப்டி அண்ணாத்த சினிமா எறக்கும்?"

அவளே தொடர்ந்தாள்.

"சாயங்காலம் என் தம்பி வூட்டுக்குப் போயி, அவன் வைஃபைல போட்டுப் பாத்தேன். நீ காட்டின அதே எடம். அங்க கடைசி நம்பரு ஏழுனு கீது. லாட்ஜுல இருபத்திமூணு, தம்பி வூட்ல ஏழு. அப்ப அது என் போனு நம்பரா, அந்த டப்பா குடுக்கற நம்பரா?"

"டப்பா குடுக்கறதுதான்" என்றேன்.

"செவ்வாக்கிழம நீ பாத்த. புதங்கிழம கரண்ட்டு போச்சு. டப்பா அமிஞ்சி மறுபடி எரிஞ்சிது. எரிஞ்சப்பறம் அது பழசெல்லாம் ஞாபகம் வெச்சிக்கினு கீதா?"

"அந்த ரவுட்டர் வெச்சிக்காது. கொஞ்சம் பழசு."

"உன்ன மாரி."

கடைக்கு எதிரே வாழைத்தார் இறக்கிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். நான் ஷட்டரை முழுசாகத் தூக்கியிருக்கக் கூடாது.

கஸ்தூரி ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். இந்த முறை ஸ்டூல் அவளுக்கு.

"எங்க கரைல காலைல படகுங்க வரும். மொதல்ல வர்றவன் நல்ல எடமாப் பாத்து இழுத்துப் போடுவான். இன்னிக்கு வேப்பமரத்தாண்ட நின்ன படகு, நாளைக்கு ஐஸ் கடையாண்ட நிக்கும். நேத்து வேப்பமரத்தாண்ட நின்ன படகு எவன் வலையவோ அறுத்துச்சுனு வெச்சிக்கோ. இன்னிக்கு வேப்பமரத்தாண்ட எந்தப் படகு நிக்கிதோ அத்த புடிச்சி ஒதைப்பியா?"

"மாட்டேன்."

"இன்னாத்த பாப்ப?"

"படகு மேல எழுதியிருக்கிற நம்பரை."

"அது எந்தக் கரைல இழுத்துப் போட்டாலும் மாறுமா?"

"மாறாது."

"அந்த மாரி நம்பரு இதுல ஒண்ணும் கெடையாதா? இருந்தா, அத்த ஏன் நீ பாக்கல?"

நான் புத்தகம் பார்த்துப் படித்து, பரீட்சை எழுதி, சர்டிஃபிகேட் வாங்கி, அதைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டியிருக்கிறேன். அவள் உட்கார்ந்திருந்த ஸ்டூலுக்கு நேர் மேலே.

"இருக்கும்மா. மேக் அட்ரஸ்னு பேரு. செவ்வாக்கிழமையே பக்கத்துலதான் இருந்துச்சு. நான்தான் எழுதிக்கல."

"எவ்ளோ பெருசு?"

"பன்னெண்டு எழுத்து."

"அதுக்கே கை வலிச்சிச்சா?"

பிறக்கும்போதே குத்தினது

கஸ்தூரிக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். நெட்டில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் தொழிற்சாலையிலேயே ஒரு மேக் நம்பர் கொடுத்துவிடுவார்கள். பன்னிரண்டு எழுத்தில் முதல் பாதி, செய்த கம்பெனியைச் சொல்லும். பின் பாதி, அவர்கள் செய்ததில் இது எது என்று சொல்லும். வீடு மாறினாலும் ஊர் மாறினாலும் அது கூடவே போகும். ஐ.பி. நம்பர் இருக்கிற இடத்துக்கு. மேக் நம்பர் கருவிக்கு.

அப்படியானால் ஐ.பி. எதற்கு, மேக் ஒன்றே போதாதா என்று நீங்கள் கேட்கலாம். கஸ்தூரி கேட்டாள். கேட்டுவிட்டு அவளே பதிலும் சொன்னாள். "எங்க கரைல எல்லாருக்கும் படகு நம்பரு தெரியும். அதே மீனு மெட்ராஸு மார்க்கெட்டுக்குப் போயிட்டா, எந்தப் படகுனு எவன் கேக்கறான்? எந்த ஊரு லோடுனுதான கேப்பான்." அவ்வளவுதான் விஷயம். மேக் நம்பர் ரவுட்டருக்கு உள்ளே, நம் கரைக்குள் மட்டும் புழங்குவது. வாசல் தாண்டி உலகத்துக்குப் போனால் ஐ.பி. முகவரிதான் வழி காட்டும். இதை நான் வகுப்பில் ஆறு வாரம் படித்தேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் அவளுக்கு வாத்தியாராக முடிந்தது. செங்கல்பட்டில் ஒரு மேன்ஷன். அங்கே தங்கியிருந்த ஒருவர் ராப்பகலாக கேம் ஆடி எல்லார் நெட்டையும் தின்றார். மேன்ஷன்காரர் சொல்லி, அவர் போனின் மேக் நம்பரைத் தடை செய்தேன். வெற்றிப் புன்னகையோடு படி இறங்குவதற்குள் அவர் மறுபடியும் உள்ளே. இந்தக் காலத்து போன்கள், யாரும் அடையாளம் வைத்துப் பின்தொடரக் கூடாது என்று, வைஃபைக்கு ஒரு பொய் மேக் நம்பர் காட்டும். செட்டிங்கில் மாற்றினால் இன்னொரு வேஷம்.

"அப்ப படகு நம்பரையும் பெயின்ட்டு அடிச்சி மாத்தலாம்னு சொல்லு" என்றாள்.

"போன்ல மாத்தலாம். டி.வி., பிரிண்டர் மாதிரி சாமான்லாம் பெரும்பாலும் மாத்தாது. அடியில ஸ்டிக்கர் ஒட்டி அதுலயே போட்டிருக்கும்."

கஸ்தூரி எழுந்துவிட்டாள். "எந்திரி. ரெண்டு மணிக்கு அது மறுபடி ஆரம்பிக்கும். அதோட நம்பரை எழுதிக்கினு, ஒவ்வொண்ணா கவுத்துப் பாக்கலாம்."

கவிழ்க்கும் படலம்

இரண்டு மணி. ரிசப்ஷன் மேசையில் டேப்லெட். மணி அடித்தாற்போல் ஒரு வரி மேலே ஏறியது. இந்த முறை நம்பர் நாற்பத்தொன்று. கஸ்தூரியின் இருபத்திமூன்று அடியில் எங்கேயோ, ஓர் ஓரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் இன்னொன்றும் கண்ணில் பட்டது. அந்த நாற்பத்தொன்று எதையும் இறக்கவே இல்லை. ஏற்றிக்கொண்டிருந்தது. சினிமா பார்க்கிறவர்கள் இறக்குவார்கள். இது உள்ளே இருப்பதை வெளியே அனுப்புகிறது. செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான் இருந்திருக்கும். வருகிறதா போகிறதா என்றுகூடப் பார்க்காமல் ஒரு பெண்ணைத் திருடி ஆக்கியிருந்தேன்.

முதல் ஆறு எழுத்தை வைத்து எந்தக் கம்பெனி என்று தேடினேன். கேள்விப்படாத ஒரு பெயர் வந்தது. ஊரில் உள்ள எல்லா பிராண்டுக்கும் உள்ளே வைக்கிற சர்க்யூட் பலகை செய்துகொடுக்கிற கம்பெனியாம். கடைசி நாலு எழுத்தை கஸ்தூரி உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். ஏழு, சி, ஒன்று, இ.

அப்புறம் ஆரம்பித்தது. லாபி டி.வி.யைச் சுவரிலிருந்து விலக்கி, பின்னால் டார்ச் அடித்தோம். ஸ்டிக்கருக்குப் பதில் பல்லி முட்டை. பிரிண்டரைக் கவிழ்த்தோம். கறுப்புப் பொடி என் வேட்டியில் கொட்டியது. ரூம் டி.வி.களைப் பார்க்கக் கதவு கதவாகத் தட்டினோம். "மெயின்டனன்ஸ் சார், ரெண்டே நிமிஷம்" என்று ரிசப்ஷன் குரலில் கஸ்தூரி சொல்வாள். நான் கட்டிலுக்கும் டி.வி.க்கும் நடுவே நுழைவேன்; பாதி உடம்போடு மாட்டிக்கொள்வேன். ஏழாம் ரூமில் ஒரு வெள்ளைக்கார அம்மா என் காலைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டார்.

சமையலறையில் ஏழுமலை மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "இதுலயும் ஸ்டிக்கர் கீது நைனா! பாரு!"

"மாஸ்டர், மிக்ஸி நெட்டுல போகாது."

"இந்த லாட்ஜுல எது போவும் எது போவாதுனு உனக்கே தெரில. பாத்துக்கோ."

மிச்சம் இருந்தது முதலாளியின் ஆபீஸ் ரூம். அலமாரி உச்சியில், சாமி படத்துக்குப் பக்கத்தில், கறுப்பாக ஒரு பெட்டி. கஸ்தூரி நாற்காலிமேல் ஏறி, அதைச் சாய்த்து, அடியில் பார்த்தாள். உள்ளங்கையைப் பார்த்தாள். மறுபடி அடியில் பார்த்தாள்.

"ஏழு, சி, ஒண்ணு, இ" என்றாள். "இது இன்னா பொட்டி அண்ணாத்த?"

எனக்கு அந்தப் பெட்டியைத் தெரியும். நான் வாங்கி, நான் தூக்கிவந்து, நான் மாட்டியது. லாட்ஜின் எட்டு கேமராவும் பதிவாகிற ரெக்கார்டர். போன மாதம் நானே வந்து, 'பெட்டி திருட்டுப் போனாலும் படம் பத்திரமா இருக்கணும்' என்று, எல்லாப் பதிவையும் தினமும் இன்டர்நெட்டில் ஒரு நகல் ஏற்றிவைக்கும்படி செய்திருந்தேன். எந்த நேரத்தில் ஏற்றலாம் என்று அது கேட்டது. மத்தியானம் இரண்டு மணி என்று போட்டேன். அந்த நேரத்தில் டூரிஸ்ட்டுகள் எல்லாரும் சிற்பம் பார்க்கப் போயிருப்பார்கள், நெட் சும்மாதானே இருக்கும் என்று கணக்கு.

மத்தியானம் இரண்டு மணிக்கு மாமல்லபுரத்துப் பாறைமேல் யார் நிற்பார்கள்? கால் வெந்துவிடும். அத்தனை பேரும் ரூமில் ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு வைஃபையில்தான் கிடப்பார்கள். பிறந்ததிலிருந்து இந்த வெயிலில் இருக்கிறவன் போட்ட கணக்கு இது.

புதன்கிழமை விவகாரமும் புரிந்தது. கரண்ட் வந்ததும் கஸ்தூரியின் போன் உள்ளே ஏறி, காலியாக இருந்த இருபத்திமூன்றை வாங்கிக்கொண்டது. ஆபீஸ் ரூம் சுவிட்சை யாரோ ராத்திரிதான் போட்டிருக்கிறார்கள். லேட்டாக எழுந்த ரெக்கார்டருக்கு வேறு சீட்டு.

அமுக்கிவிடலாமா

இனி எழுதப்போவதை எழுதாமல் விட்டாலும் உங்களுக்குத் தெரியப்போவதில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

நான் கதவைச் சாத்தினேன். "கஸ்தூரி, ஒரு நிமிஷ வேலைதான். நேரத்தை விடியக்காலை மூணு மணிக்கு மாத்திடறேன். நாளையிலருந்து நெட்டு சும்மா பறக்கும். மொதலாளிகிட்ட ஏதோ லைன் கோளாறு, சரியாயிடுச்சுனு சொல்லிடறேன். உன் வேலைக்கும் நான் பேசறேன்."

இந்த லாட்ஜ் போனால் வரிசையில் மற்ற நாலு லாட்ஜும் போகும். எல்லாரும் தணிகாசலத்தின் சொந்தக்காரர்கள். அது என் தலைக்குள் ஓடியது.

அவள் நாற்காலியிலிருந்து இறங்கினாள். கத்தவில்லை.

"நீ அமுக்கிட்டுப் போயிடுவ. நெட்டு வந்துடும். என் பேரு? 'கஸ்தூரிய வெரட்டினாங்க, நெட்டு சரியாயிடுச்சு'னுதான எல்லாரும் சொல்லுவாங்க?"

அதை நான் யோசிக்கவே இல்லை. நான் ரகசியமாகச் சரிசெய்தால், அவள்தான் திருடி என்பது நிரூபணமே ஆகிவிடும்.

"நீ சொன்னப்ப எல்லாரும் இருந்தாங்க. அதே எடத்துல, அதே சோத்து நேரத்துல, எல்லாரும் இருக்கறப்ப சொல்லு. நேத்து எவ்ளோ சத்தமா சொன்னியோ அவ்ளோ சத்தமா."

"மொதலாளியும் இருக்கணுமா?"

"அவரு இல்லாமியா?"

அன்று வீட்டில் தமயந்தியிடம் சொன்னேன். மோர் ஊற்றிக்கொண்டே கேட்டாள். "ஏங்க, ஒரு ஊரையே கேமரா வெச்சுப் பாக்கறீங்க. உங்களப் பாக்க ஒண்ணு மாட்டிக்கிட்டா என்ன?"

சனிக்கிழமை

பகல் ஒன்றரை. அன்றைக்கு சாம்பார். மேசையைச் சுற்றி எல்லாரும். ஓரத்தில் தணிகாசலம், கைகளைக் கட்டிக்கொண்டு. நான் தரையிலேயே நின்றுகொண்டேன்.

"எல்லாரும் கேளுங்க. வியாழக்கிழமை நான் சொன்னது தப்பு. கஸ்தூரி எதையும் எறக்கல. மத்தியான நெட்டைத் தின்னது ஆபீஸ் ரூம்ல இருக்கிற கேமரா பெட்டி. அதுக்கு ரெண்டு மணினு நேரம் வெச்சது நான். பாக்க வேண்டிய நம்பரைப் பாக்காம, வேற நம்பரைப் பாத்து இவங்க மேல பழி போட்டதும் நான். பெட்டியோட நேரத்தை விடியக்காலை மூணு மணிக்கு மாத்திட்டேன்."

"கேக்கல நைனா" என்றார் ஏழுமலை. அவருக்கு நன்றாகக் கேட்டது.

மறுபடி சொன்னேன். இன்னும் சத்தமாக. மதில்மேல் உட்கார்ந்திருந்த காக்கா பறந்துபோனது.

தணிகாசலம் கட்டியிருந்த கைகளைப் பிரித்தார். பிறகு, "அப்ப ரூம் எட்டுக்காரரு இத்தனை நாளா என்னைக் கிழிச்சதெல்லாம் உன்னாலதான்?"

"ஆமாங்க."

"எலி புடிக்கக் கூப்பிட்ட ஆளே எலியாய்யா?"

மேசை குலுங்கிச் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன், சிரிக்கிற உரிமை இன்னும் வரவில்லை என்று தோன்றியது. கஸ்தூரி மட்டும் சிரிக்காமல் முதலாளியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தணிகாசலம் தொண்டையைக் கனைத்தார். அவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் பார்க்கவில்லை. ஆனால் பார்வை தரைக்குப் போனது.

"செரி... ஞாயித்துக்கிழமை வந்துடும்மா."

"ஞாயித்துக்கிழமை இன்னா சார், இன்னிக்கே நான் டூட்டிலதான் கீறேன்" என்றாள். "நேத்து முழுக்க இங்க யாரும் என்கூட ஒக்காந்து துன்னல. அத்தயும் சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் உதவவில்லை. எனக்கே உதவி தேவைப்பட்டது.

"எல்லாரும் ஒண்ணா ஒக்காந்து சாப்பிடுங்கப்பா" என்றார், கொஞ்சம் கரகரப்பாக. "அந்தப் பொண்ணு மேல ஒண்ணும் இல்ல. நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

ஏழுமலை ஒரு தட்டை எடுத்து, தன் பக்கத்து இடத்தில் டொக்கென்று வைத்தார்.

அந்த நேரம் பார்த்து முன்பக்கம் போன் அடித்தது. கஸ்தூரி தட்டைப் பார்த்தாள். போனுக்கு ஓடினாள். பின்னாலேயே நானும் போனேன்; என் டேப்லெட் அந்த மேசையில்தான் கிடந்தது. அவள் நாற்காலியில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பைச் சரிசெய்து, ரிசீவரை எடுத்தாள். குப்பத்துப் பேச்சு ஒரு நொடியில் காணாமல் போய், ரிசப்ஷன் பேச்சு வந்துவிட்டது.

"வணக்கம் சார், சொல்லுங்க... டபுள் ரூம் இருக்கு சார்... வைஃபையா? இருக்கு. மத்தியானமும் நல்லா வரும்... அதெப்படி இவ்வளவு உறுதியா சொல்றேனா?"

என்னை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தாள்.

"அதை நிறுத்தி வெச்சிருந்தவரு இப்ப என் எதிர்லதான் நிக்கிறாரு சார். எந்தப் பேர்ல புக் பண்ணட்டும்?"